வெண்கலத் தொண்டை

தூய ஆவிப் பெருவிழாவுக்கு மறுநாள் காலையில், முரல்துறை மிக்கேலம்மாள் தன் புருஷன் தொபியாஸை வைத வசவு, வாசலோடு நிற்காமல், மணலைத் தாண்டி, அலையைத் தாண்டி, ஊருக்கு எதிரே கடலுக்கடியில் கிடக்கும் பாறை வரிசையைத் தாண்டி, கரையின் தென்னைமரம்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஆழக்கடலுக்குப் போய், அங்கே வலை இறக்கிக்கொண்டிருந்த தொபியாஸின் காதருகே ஒரு சொல் குறையாமல் ஒலித்தது.

“ஓய், கூறுகெட்ட மனுசா! சோத்து வாளி எது, வெறும் வாளி எதுன்னு தெரியாதா ஒமக்கு? சோறு இங்க அடுப்பங்கரையில குந்தியிருக்கு. மத்தியானம் என்னத்தத் திம்பீரு, வலையத் திம்பீரா?”

தொபியாஸ் வாளியைத் திறந்து பார்த்தார். வெறும் வாளிதான். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பக்கத்துப் படகுக்காரன் தன் சோற்றில் பாதியைக் கொடுத்தான், அன்றைக்கு மீன்பாடு நன்றாகவே இருந்தது. மத்தியானம் கரைக்கு வந்ததும் தொபியாஸ் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

“கடல்ல வச்சு நாலு பேருக்கு முன்னால என்னயக் கூறுகெட்டவன்னு சொல்லலாமாட்டி?”

“கேட்டுச்சா?”

“கேக்காம என்ன? கரைப்பக்கம் இருந்த காதுல வந்து நின்னுகிட்டுல்லா கத்துன.”

“கேட்டா சரி” என்று சொல்லிவிட்டு மிக்கேலம்மாள் மீன் அரிய உட்கார்ந்தாள். ஆனால் அவள் கை ஓடவில்லை. செதிலை எடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தாள், பூனை வந்து ஒரு மீனை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தும் பேசாமல் இருந்தாள், அது பூனைக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அவள் கவலை இதுதான். பெருவிழாவுக்கு முந்தின மூன்று நாளும் கோயிலில் தியானம் நடந்தது. புதிதாக வந்திருந்த ரெமிஜியுஸ் சாமியார், சின்ன வயசு, நல்ல மனுஷன், பேச ஆரம்பித்தால் கண்ணெல்லாம் மின்னும், அவர் சொன்னார்: ஞானஸ்நானம் வாங்கின ஒருத்தரையும் ஆண்டவர் வெறுங்கையோடு அனுப்புவதில்லை, ஆளுக்கு ஒரு கொடை கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார், அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள், கண்டுபிடித்து அடுத்தவருக்குப் பயன்படுத்துங்கள், மண்ணில் புதைத்து வைத்தால் ஒரு நாள் கணக்குக் கேட்பார். ஊரே தேடியது. ஒருத்திக்குப் பீடம் ஜோடிக்க வந்தது, ஒருத்தனுக்கு வாசகம் வாசிக்க வந்தது, நடக்க மாட்டாத ஒரு பெரியவருக்குக்கூட நோயாளிகள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வந்தது. மிக்கேலம்மாள் பாட்டில் சேர்ந்து பார்த்தாள். அவள் வாயைத் திறந்த உடனே பாடகர் குழுவை நடத்துகிற தெலஸ்போர் மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடிவிட்டார்.

“வெண்கலத் தொண்டைம்மா ஒனக்கு. பாட்டுக்கு வேண்டாம். கோயில் மணி ஒடஞ்சா சொல்லி அனுப்புறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள், மிக்கேலம்மாளும் சிரித்தாள். சிரித்துவிட்டு நேராகக் கடற்கரையில் குகை மாதிரிக் கட்டியிருந்த கெபிக்குப் போய், மாதா சொரூபத்துக்கு முன்னால் மண்டியிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கென்று ஒன்று இருக்கிறதா இல்லையா தாயே, இருந்தால் காட்டு, இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடு, நான் பாட்டுக்கு மீனை அரிந்துகொண்டு கிடக்கிறேன். அப்படிக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை காலையில் வசவு கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. இதையா கேட்டேன் என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஊருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆழக்கடலில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது, படகுகளில் கம்பியில்லாக் கருவி வைத்திருந்தவர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான், அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. செவ்வாய்க்கிழமையே பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் வரச் சொல்லு. மீன் விலை இறங்கிப்போச்சு, பக்கத்துத் துறையில கரை ஏறச் சொல்லு. கெபிக்கு நேர் எதிரேதான் பாறை வரிசையில் படகு நுழைகிற இடைவெளி, அதற்கு மாதா வாசல் என்று பெயர். மிக்கேலம்மாள் கெபிப் படியில் நின்று கடலைப் பார்த்துச் சொன்னாள். முதலில் தன்மையாகத்தான் சொன்னாள், அது போகவில்லை. முதல் அலையிலேயே நனைந்து விழுந்துவிட்டது. பெயரைச் சொல்லி வைதால்தான் போகும், அதுவும் வாய்க்கு வந்ததை ஒப்பிக்காமல் மனசார வைதால்தான் போகும் என்று இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதனால் சேதி சொல்ல வந்த பெண்கள் சேதியோடு கூடப் புருஷன்மார் செய்த குற்றத்தையும் கொண்டு வந்தார்கள், அவளுக்குக் கோபம் வர வேண்டுமே. மிக்கேலம்மாள் எல்லாவற்றையும் கேட்டு, அப்படியா செஞ்சான் அந்தக் கரிமுடிவான் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தொடங்குவாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் தகப்பன் அங்கே வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புவான். கடலில் ஆண்கள் அதற்குப் பழகிப்போனார்கள். இன்றைக்கு யாருக்கு என்று காத்திருந்தார்கள். வசவு வாங்கினவனுக்குப் பீடி கொடுத்துக் கௌரவித்தார்கள். மனைவியைப் பறிகொடுத்துத் தனியாக இருந்த எஸ்தாக்கி ஒரு நாள் கெபிக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, போகவும் மாட்டாமல் பேசவும் மாட்டாமல் நின்றான்.

“என்னல, ஒனக்கு யாருக்குச் சொல்லணும்?”

“எனக்குத்தான் மயினி. எல்லாருக்கும் வருது. எனக்குன்னு வைய ஆளில்ல. பொழுதிருந்தா ஒரு ரெண்டு வார்த்த...”

அன்று முதல் எஸ்தாக்கி குடித்தது, குளிக்காதது, கிழிந்த சட்டையோடு பூசைக்கு வந்தது எல்லாவற்றுக்கும் அவனுக்குத் தினம் கடலில் கிடைத்தது. அவன் குடியைக் குறைத்தான். சட்டையைத் தைத்துக்கொண்டான்.

ஊரில் ஒரே ஒருவனுக்கு மட்டும் அவள் குரல் போகவில்லை. அவளுடைய உடன்பிறந்த தம்பி கஸ்பார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா செத்தபோது மிக்கேலம்மாள் வெளியூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அலறிப் புடைத்துக்கொண்டு பஸ் மாறிப் பஸ் மாறி அவள் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் ஈரமண் குவியல்தான் இருந்தது. வெயில் காலம், உடம்பு தாங்காது என்று பெட்டியை மூடச் சொன்னவன் கஸ்பார். அன்றைக்கு அந்த மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள், அம்மா முகத்தைக் காட்டாமல் மூடினவன் பெயர் இனி என் வாயில் வராது. வரவில்லை. ஊரும் அதற்கு ஏற்றபடி நடந்துகொண்டது. அவளிடம் பேசும்போது கஸ்பாரை மேலத்தெருக்காரரு என்பார்கள், அவன் மனைவி ஜெசிந்தாவை மேலத்தெருக்காரி என்பார்கள். ஜெசிந்தா மட்டும் கெபிக்குச் சேதி சொல்ல வந்ததே இல்லை.

ஆடி முடியப் போகிற நேரத்தில், மாதா திருவிழாவுக்கு ஆயர் வருகிறார் என்று சேதி வந்தது. வருவது மட்டுமல்ல, முரல்துறையில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்கும் கொடையைத் தாமே கேட்க வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறார். பங்குப் பேரவை கூடியது. கூடினவர்கள் முதலில் பெருமைப்பட்டார்கள், அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

“ஆயர் முன்னால கரிமுடிவான், பேதியில போவான்னா கத்த முடியும்?” என்றார் தெலஸ்போர் மாஸ்டர். “கொடை தூய ஆவியோடது. வார்த்தை மட்டும் சாக்கடை. வார்த்தையக் கழுவிட்டாப் போதும்.”

அவரே நல்ல தமிழில் சில வாக்கியங்களை அமைத்துக் கொடுத்தார். அன்பிற்குரிய மீனவச் சகோதரர்களே, மாதாவின் மைந்தர்களே, மாலை மயங்குமுன் கரை சேர்வீர்களாக. மிக்கேலம்மாள் அதை மனப்பாடம் செய்து, குளித்து, முக்காடு போட்டு, கெபிப் படியில் நின்று, கைகூப்பிச் சொன்னாள். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கடலில் இருந்தவர்கள், என்ன இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் இல்லையா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவளைச் சாமியாரிடம் கூட்டிப்போனார்கள். ரெமிஜியுஸ் சாமியார் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் சொல்லவில்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் நம்பினதைத்தான் சொன்னார்.

“நாக்குப் பாவம் கொடையை மறைக்குதும்மா. கொடியேத்தத்துலருந்து திருவிழா முடியிற வரைக்கும் யாரையும் வையாதீங்க. மாதாவுக்கு நேர்ச்சையா வச்சுக்குங்க. சுத்தமாத் திரும்பி வரும்.”

“வருமா சாமி?”

“வரும்.”

அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஊரே சொல்லிச் சிரித்த வாய், பிறந்ததிலிருந்து அவளோடு கூடவே வந்த வாய், அதிலிருந்து ஒரு நாளாவது அழகாக ஒன்று வரட்டும் என்று அவள் ஏங்கினாள். கொடியேறிய அன்று கெபியில் நேர்ச்சை செய்தாள், அன்றிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டாள். வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. தொபியாஸுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார், கடலில் இருந்த நேரமெல்லாம் காதைக் கரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் வரவில்லை. எஸ்தாக்கி மறுபடி குடித்தான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் கடலுக்குப் போவதற்கு மாதா பாடு என்று பெயர். அன்றைக்கு ஊரில் ஒரு படகு மணலில் கிடக்கக் கூடாது, பிடிக்கிற மீன் அத்தனையும் கோயிலுக்கு. அன்றைக்கு வானம் சரியில்லை. காலையிலேயே மேற்கே சாம்பல் நிறத்தில் ஒரு மேகக் கரை எழும்பி நின்றது. வேறு நாளாக இருந்தால் பாதிப் பேர் போயிருக்க மாட்டார்கள். மாதா பாடு அன்றைக்குப் போகாமல் இருப்பது எப்படி, அவள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் போனார்கள், தொபியாஸ் போனார், எஸ்தாக்கி போனான், கஸ்பாரும் தன் சின்னப் படகில் தனியாகப் போனான்.

மத்தியானம் காற்று திரும்பியது. கட்டியிருந்த கொடித் தோரணம் அறுந்து பறந்தது, சப்பரத்துக்குப் போட்ட பந்தல் படுத்தது, மழை கடல்மேல் ஒரு சுவர் மாதிரி இறங்கிக் கரைக்கு வந்தது. கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்துத்தான் படகுகள் மாதா வாசலுக்குள் நுழையும், கரையில் நின்றவர்களுக்கே கோபுரம் தெரியவில்லை. வாசலைத் தவறவிட்டால் பாறை. தெலஸ்போர் மாஸ்டர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார், கரண்டு போய்விட்டது. மணி அடித்தார்கள், காற்று அந்தச் சத்தத்தை நாலா பக்கமும் சிதறடித்தது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஊருக்குள் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. நெருப்பு மூட்டப் பார்த்தார்கள், மழை அணைத்தது.

பெண்கள் எல்லோரும் தலைவிரி கோலமாகக் கெபிக்கு ஓடிவந்தார்கள். மிக்கேலம்மாள் அங்கேதான், படியில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யக்கா, கூப்பிடுக்கா! அந்த மூதிகளக் கூப்பிடு!”

அவள் தலையை ஆட்டினாள். பொத்தின கைக்குள்ளிருந்து அழுகையாக வந்தது. “நேர்ச்சை செஞ்சிருக்கேன்ட்டி. மீறினா அவ என் மனுசன எடுத்துக்கிட்டா? நான் என்ன செய்வேன்? எங்கிட்ட இருந்தது போயிட்டு, இனி கத்துனாலும் போவாது.”

அப்போது ரெமிஜியுஸ் சாமியார் ஓடிவந்தார். அங்கி காலில் சுற்றித் தடுக்கி மணலில் விழுந்தார், எழுந்து வந்து, மண் ஒட்டின முகத்தோடு அவளுக்கு முன்னால் மண்டியிட்டார்.

“மிக்கேலம்மா, தப்பு ஒங்கமேல இல்ல, எம்மேல. ஆண்டவர் குடுத்ததக் கழுவிக் குடுங்கன்னு நாந்தான் சொன்னேன். திட்டுங்கம்மா.”

“நேர்ச்சை சாமி...”

“நேர்ச்சையை அவுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. அவுத்துட்டேன். பாவம்னா அது என் தலையில இருக்கட்டும். ஒங்களுக்குத் தெரிஞ்ச வசவு அத்தனையும் வையுங்க. எழுந்திருங்க!”

மிக்கேலம்மாள் எழுந்தாள். இடுப்பில் முந்தானையைச் செருகினாள். மாதா வாசல் இருந்த திசையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“ஓய் தொபியாசு! பொண்டாட்டி வாயப் பொத்திக்கிட்டா ஒமக்குக் கண்ணும் தெரியாதா? மேகத்தப் பாத்தப்பவே திரும்பி வராம என்னத்தப் புடுங்கிக்கிட்டு இருந்தீரு? மூஞ்சியத் திருப்பும் ஓய்! என் சத்தம் ரெண்டு காதுலயும் ஒண்ணாக் கேக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நேரா வாரும்! என்னைத் தாலியறுக்க விட்டீரோ, செத்தாலும் ஒம்ம விடமாட்டேன்!”

போயிற்று. கரையில் நின்றவர்கள் அது போவதை அறிந்தார்கள், மழைச்சுவரில் ஒரு கதவு திறந்து மூடினமாதிரி இருந்தது. அவள் அடுத்த பெயரைச் சொன்னாள். ஒவ்வொருத்தனுடைய குற்றமும் அவளுக்குத் தெரியும், இரண்டு மாதமாகக் கேட்டு வைத்திருக்கிறாளே. மாமியார் மருந்தை மறந்தவனை வைதாள், மகள் படிப்பை நிறுத்தப் பார்த்தவனை வைதாள், குறட்டை விடுகிறவனை, கோழி திருடினவனை, பூசையில் தூங்குகிறவனை வைதாள். எஸ்தாக்கி, நாறப்பயலே, மறுபடியும் குடிச்சியாமே, நீ கரைக்கு வா, ஒன் சட்டையோட சேத்து ஒன்னையும் தொவைக்கேன் என்று வைதாள். பெயர் சொன்னாள், வைதாள், மழைக்குள்ளிருந்து ஒரு படகு மூக்கை நீட்டியது, பாறைக்கு நடுவே நுழைந்தது, கரை ஏறியது, பெண்கள் ஓடிப்போய் இழுத்தார்கள், அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பெயரைச் சொன்னாள். முதலில் வந்தவர் தொபியாஸ். வந்தவர் அவள் பக்கத்தில் வந்து, நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு, அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் சொல்வதற்குப் பெயர் இல்லாமல் போயிற்று. கரையில் படகுகளைப் பார்த்தார்கள், ஆட்களைப் பார்த்தார்கள். தொபியாஸ்தான் மெதுவாகச் சொன்னார்.

“மேலத்தெருக்காரரு வரல.”

கடற்கரையின் அந்தக் கோடியில், கூட்டத்தோடு சேராமல், ஜெசிந்தா செபமாலையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். வந்து கேட்கவில்லை. கேட்க அவளுக்கு முகம் இல்லை. ஊர் முழுவதும் மிக்கேலம்மாளையே பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், பத்து வருஷமாகச் சொல்லாத பெயரைச் சொன்னாள்.

“ஏல கஸ்பாரு! பெத்தவ முகத்தக் காட்டாம மூடுன பாவி! ரெண்டு மணி நேரம் பொறுத்தா செத்தா போயிருப்ப? ஒனக்கு அக்கான்னு ஒருத்தி இருக்கான்னு அன்னைக்குத் தெரியலியால?”

அன்றைக்கு அவள் வைததிலேயே அதுதான் பெரிய சத்தம். கெபியில் மெழுகுவர்த்தி வைத்திருந்த கண்ணாடிக் கூடு விரிசல் விட்டது. ஆனால் அது போகவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவள் காலடியில், ஈரமணலில், வலையில் கட்டுகிற ஈயக்குண்டு மாதிரி பொத்துப் பொத்தென்று விழுந்தது. முன்னால் நின்ற பெண்கள் காலை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அவள் மறுபடி கத்தினாள். மறுபடியும் விழுந்தது. அன்பில்லாத பேச்சு வெறும் ஒலிக்கிற வெண்கலம் என்று வேதாகமத்தில் வருகிற வாசகம் சாமியாருக்கு நினைவுக்கு வந்தது, ஆனால் அதைச் சொல்லுகிற நேரம் இதுவல்ல என்று தெரிகிற அளவுக்கு அவருக்கும் அன்றைக்குப் புத்தி வந்திருந்தது.

மிக்கேலம்மாள் காலடியில் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தொபியாஸை வைதபோது அவர் வந்து சோறு தின்ன வேண்டுமென்று வைதாள். எஸ்தாக்கியை வைதபோது அவன் நல்லா இருக்க வேண்டுமென்று வைதாள். வீட்டுக்கு வா என்று கூப்பிடாத வசவு அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததே கிடையாது. இதுதான் முதல் தடவை. இவன் வலியில் துடிக்க வேண்டுமென்று மட்டும்தான் அவள் வைதாள், அதைத் தூக்கிக்கொண்டு போக ஆண்டவர் அவளுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை.

மணலில் உட்கார்ந்துவிட்டாள். காற்று ஊளையிட்டது, எங்கேயோ இடி இடித்தது. அந்த இடிக்கு அவள் தலை தானாக நிமிர்ந்தது. இடி இடித்தால் கஸ்பார் ஒளிந்துகொள்வான். அவர்கள் அம்மா மீன் கூடையோடு உள்நாட்டு ஊர்களுக்கு நடந்து போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் வருவாள், அதுவரை தம்பியைப் பார்த்துக்கொண்டது இவள்தான், இவளுக்கு வயசு எட்டு, அவன் அரைஞாண் கயிறும் ஒழுகுகிற மூக்குமாக இவள் பின்னாலேயே திரிவான், இடி இடித்தால் மட்டும் காணாமல் போவான், கவிழ்த்துப் போட்டிருக்கிற ஏதாவது ஒரு படகுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பான். எந்தப் படகு என்று தெரியாது. கடற்கரை முழுவதும் அவனை வைதுகொண்டே ஓடுவாள், தன்மையாகக் கூப்பிட்டால் வர மாட்டான், வைதால் வருவான், அக்கா வைகிறாள் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று அவனுக்கு அர்த்தம். அங்கே பழகின தொண்டைதான் இது. இந்த வாய் அவனுக்காக வந்த வாய். அதை நினைத்ததும் மிக்கேலம்மாள் பெருங்குரலெடுத்து அழுதாள், அழுதுகொண்டே எழுந்தாள்.

“ஏல கஸ்பாரு! ஏல மூக்கொழுகி!”

சொல் விழவில்லை.

“இடி இடிச்சா எங்கல போயி ஒளிஞ்ச? எந்தப் படகுக்கு அடியில கெடக்க? வெளிய வா, பயந்தாங்கொள்ளி! அம்மா வர நேரமாவும். நான் எத்தன நேரம் சோத்துப் பானையக் கட்டிக்கிட்டுக் குந்தியிருக்கது? காதுலருந்து கைய எடுல மொதல்ல! அக்கா கூப்பிடுறது கேக்குதா? வா. சோறு ஆறுது. வந்து தின்னுட்டு எங்கயாவது போயித் தொல, வாடா ராசா, வா!”

ஒரு சொல்லும் விழவில்லை. எல்லாம் போயிற்று. அவள் நிறுத்தவில்லை, எட்டு வயசில் வைத வசவு அத்தனையும் வைதாள், உடைத்த பானைக்கு வைதாள், தொலைத்த செருப்புக்கு வைதாள், மண்ணைத் தின்றதற்கு வைதாள். மழை அவள் முகத்தில் அறைந்தது. தொபியாஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அவளும் விடவில்லை. வெண்கலத் தொண்டை கரகரத்தது, பிசிறடித்தது, கடைசியில் வாய் மட்டும் அசைந்தது, காற்றுதான் வந்தது. அப்பொழுதும் அவள் வாயை மூடவில்லை.

எஸ்தாக்கிதான் முதலில் பார்த்தான். மழைக்குள் நீலமாக ஏதோ தெரிந்தது. தார்ப்பாயைத் துடுப்பில் கட்டிப் பாய் மாதிரி விரித்துக்கொண்டு, இன்ஜின் செத்த ஒரு சின்னப் படகு, பாறைகளுக்கு நடுவே, மாதா வாசலுக்குள், நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

அப்புறம் கஸ்பார் சொல்லித்தான் தெரியும். இன்ஜினில் தண்ணீர் ஏறினதும் நரைத்த தலையோடு அந்த மனுஷன் படகின் அடியில் குப்புறப் படுத்து, காதைப் பொத்திக்கொண்டு, சாவை எதிர்பார்த்துக் கிடந்திருக்கிறான். காதிலிருந்து கையை எடு என்று கேட்டதும் எடுத்திருக்கிறான். வெளியே வா என்றதும் எழுந்திருக்கிறான்.

கரை ஏறி, யார் முகத்தையும் பார்க்காமல், அவன் நேராகக் கெபிப் படிக்கு வந்து அக்கா முன்னால் நின்றான். தண்ணீர் சொட்டியது. ஊர் விலகி வழிவிட்டது.

“அக்கா, எல்லாருக்கும் வந்துச்சு. எனக்கு மட்டும் வரல. தெனமும் காத்துக்கிட்டுக் கெடந்தேன்.” அவன் உதடு கோணிக்கொண்டது. “பொறுத்திருக்கலாம்க்கா. பொறுக்கல. அம்மாவ அப்படி மூடுனதுக்கு என்னைய வையி. இப்பவாவது வையி.”

மிக்கேலம்மாள் வாயைத் திறந்தாள். குரல் இல்லை. ஒரு சொல்கூட இல்லை, அத்தனையும் கடலுக்குக் கொடுத்தாயிற்று. பிறகு கையை நீட்டி அவன் காதைப் பிடித்தாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்ட அந்த மனுஷனை, நனைந்த காதோடு பிடித்து, கெபியிலிருந்து மணல் வழியாக, விழுந்து கிடந்த பந்தல் வழியாக, ஊர் பார்க்கத் தெருவழியாக இழுத்துக்கொண்டு போனாள். அவன் குனிந்தபடியே, ஆ ஆ என்று சொல்லிக்கொண்டே, கூடவே போனான். ஜெசிந்தாவும் தொபியாஸும் பின்னாலேயே போனார்கள்.

சோறு ஆறிப்போய்த்தான் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.